பூட்டிய கடைவீதிக்கு ஆள் வர என்ன வழி? – வாசகர் கேள்வி பதில்

நகர மையங்களை மீட்பது பற்றி வந்த கடிதங்களில் ஆறு இங்கே. நகரத் திட்டமிடலிலும் நிகழ்ச்சி ஏற்பாட்டிலும் பணியாற்றும் குழு பதில் தருகிறது.

எங்கள் நகரின் பழைய கடைவீதியில் நாலில் ஒரு கடை பூட்டிக் கிடக்கிறது. வாங்குகிறவர்கள் புறநகர் மால்களுக்குப் போய்விட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் பெருவிழா நடத்தினால் வியாபாரம் திரும்பும் என்று சங்கத்தில் பேச்சு. இது சரியான வழிதானா?
– வணிகர் சங்கச் செயலாளர்

விழா நடத்தலாம். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். மூன்று நாள் விழாவுக்குத் திரளும் கூட்டம் நான்காம் நாள் வருவதில்லை. மேடையும் தற்காலிக ஸ்டால்களும் கடை வாசல்களை மறைத்துவிட்டால், அந்த மூன்று நாளும் நிரந்தரக் கடைகளுக்கு வழக்கத்தைவிட விற்பனை குறையவும் செய்யும். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு அந்த வீதிக்கு வர ஒருவருக்கு என்ன காரணம் இருக்கிறது? கடைவீதி பிழைப்பதும் படுப்பதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

முதல் வேலை எண்ணிக்கை. வீதியின் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு போட்டுக்கொண்டு, அதைக் கடப்பவர்களைப் பத்து நிமிடம் எண்ணி ஆறால் பெருக்குங்கள். ஒரு மணி நேர நடமாட்டம் கிடைத்துவிடும். காலை 11, மாலை 5, இரவு 8 என மூன்று வேளை. ஒரு வேலை நாள், ஒரு சனிக்கிழமை. மழை பெய்த நாளை விட்டுவிடுங்கள். கடந்து போகிறவர்களை மட்டும் எண்ணினால் பாதி உண்மைதான் தெரியும். உட்கார்ந்திருப்பவர்கள், நின்று பேசுகிறவர்கள், அவர்களில் பெண்கள், குழந்தைகள், முதியோர் எத்தனை பேர் என்பதையும் வீதியை ஒருமுறை நடந்து குறித்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கட்டடக் கலைஞர் யான் கெல் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திக் காட்டிய முறை இதுதான். பேனாவும் தாளும் போதும். இரவு 8 மணிக் கணக்கில் பெண்கள் சட்டென்று குறைந்தால் விளக்கு, கழிப்பறை, திரும்பிப் போகும் பேருந்து ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

இரண்டாவது, பட்டியல். ஒவ்வொரு ஷட்டருக்கும் உரிமையாளர் யார், எவ்வளவு காலமாகப் பூட்டியிருக்கிறது, மாடி யாருடையது, எத்தனை மணிக்குத் திறந்து மூடுகிறார்கள் என்று எழுதுங்கள். மாலை ஏழு மணிக்கு நடமாட்டம் உச்சத்தில் இருக்க, கடைகள் ஆறரைக்கே மூடுகின்றன என்பது பல ஊர்களில் இந்தப் பட்டியலில்தான் முதன்முதலாகத் தெரிய வருகிறது.

பிறகு, 100 முதல் 150 மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். 200 பேர் ஒரு கிலோமீட்டருக்குப் பரவினால் வீதி காலியாகத் தெரியும். அதே 200 பேர் 100 மீட்டருக்குள் இருந்தால் கலகலப்பாகத் தெரியும். அந்தத் துண்டில் நிழல், உட்கார இடம், சுத்தமான கழிப்பறை ஆகியவற்றை உறுதிசெய்துவிட்டு, வாரம் ஒரு மாலை, ஒரே நாள், ஒரே நேரம் என்று பத்து வாரம் சின்ன நிகழ்ச்சி நடத்துங்கள். நாற்காலிகளைத் தரையோடு பொருத்தாதீர்கள். நியூயார்க்கின் பிரையன்ட் பார்க் போதைப்பொருள் விற்பனைக்குப் பேர்போன இடமாக இருந்தது. 1988-இல் மூடி, வேலி மறைப்புகளை எடுத்து, வாசல்களைக் கூட்டி, 1992-இல் திறந்தபோது நகர்த்தக்கூடிய நாற்காலிகளைத்தான் போட்டார்கள். வெயிலுக்கும் பேச்சுத்துணைக்கும் ஏற்றபடி மனிதர்கள் நாற்காலியை ஒரு முழமாவது நகர்த்திக்கொண்டுதான் உட்காருகிறார்கள்.

பத்து வாரம் முடிந்ததும் நிகழ்ச்சி இல்லாத ஒரு நாளில் மறுபடி எண்ணுங்கள். அந்த எண் கூடியிருந்தால்தான் வெற்றி. நிகழ்ச்சி நாளின் கூட்டத்தை வெற்றிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வீதியில் வண்டிகளை அடியோடு நிறுத்தி நடப்பவர்களுக்கு மட்டும் என்று அறிவிக்க நினைக்கிறோம். கடைக்காரர்கள் கடுமையாக எதிர்க்கிறார்கள். எது சரி?
– நகர்மன்ற உறுப்பினர்

இரு பக்கத்துக்கும் சான்று இருக்கிறது. கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயெட் வீதியில் 1962 நவம்பரில் சோதனையாக வண்டிகளை நிறுத்தினார்கள். வணிகர்கள் எதிர்த்தார்கள், 1964-இல் அது நிரந்தரமானது, இன்றும் நடக்கிறது. பிரேசிலின் குரிடிபாவில் 1972-இல் மேயர் ஜைமி லெர்னர் ஒரு வார இறுதிக்குள் மைய வீதியை நடைவீதியாக மாற்றிக் காட்டினார். எதிர்த்த கடைக்காரர்களே பிறகு நீட்டிக்கச் சொன்னார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. மிச்சிகனின் கலமசூ நகரம் 1959-இல் நடைவீதி அமைத்து வழிகாட்டியது. 1998-இல் அதில் மறுபடி வண்டிகளை விட்டார்கள். சிகாகோவின் ஸ்டேட் வீதி 1979-இல் பேருந்துக்கும் நடப்பவர்களுக்கும் என்று மாறி, 1996-இல் பழையபடி திரும்பியது. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ 1964-இல் மூடிய வீதியை 2017-இல் திறந்துவிட்டது. இந்த நகரங்களில் மையத்தைச் சுற்றிக் குடியிருப்போர் குறைந்துகொண்டே போனார்கள். அலுவலகம் விட்டதும் வீதி காலி. காரில் மட்டுமே வரக்கூடிய ஊரில் காரைத் தடுத்துவிட்டு, வேறு வழியில் வர ஏற்பாடு செய்யவில்லை. கோபன்ஹேகனில் மையத்திலேயே மக்கள் வசித்தார்கள், சைக்கிளிலும் வந்தார்கள்.

ஆகவே அறிவிக்குமுன் மூன்றைப் பாருங்கள். ஐந்து நிமிட நடையில், அதாவது 400 மீட்டருக்குள், எத்தனை வீடுகளில் ஆள் குடியிருக்கிறார்கள்? பேருந்து நிறுத்தமும் வாகன நிறுத்துமிடமும் அதே தொலைவுக்குள் இருக்கின்றனவா? வீதியின் அகலம் என்ன? கடைக்குக் கடை 10 முதல் 15 மீட்டர் என்றால் ஒரு பக்கம் நடப்பவர் கண்ணுக்கு எதிர்ப்பக்கக் கடையும் தெரியும். 25 மீட்டரைத் தாண்டினால் அது இரண்டு தனித்தனி வீதிகள். நடுவில் நிழற்பந்தலோ கடைவரிசையோ இல்லாவிட்டால் பாலைவனம்.

சோதனையை மாலை நேரத்துக்கு மட்டும் வையுங்கள். சரக்கு இறக்க காலை 10 மணி வரை அனுமதி, கழற்றி மாட்டும் தடுப்புக் கம்பங்கள், தீயணைப்பு வண்டிக்கு எந்த நேரமும் 4 மீட்டர் தடையில்லாப் பாதை. அந்தப் பாதையைப் பெயின்டால் தரையில் குறியுங்கள். இல்லையேல் இரண்டாம் வாரமே கடைக்குடைகள் அதை விழுங்கிவிடும். மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், கனமான பொருள் வாங்குகிறவர்கள் ஏறி இறங்க வீதியின் இரு முனையிலும் வண்டி நிற்க இடம் கொடுங்கள். சாமான் கடை, மெத்தைக் கடை, பம்புசெட் கடைக்காரர்களின் எதிர்ப்பில் நியாயம் உண்டு. அவர்கள் பொருளைக் கையில் தூக்கிப் போக முடியாது. கடைக்குப் பின்பக்கம் சரக்கு வழி இல்லாவிட்டால் அவர்கள் கடை இருக்கும் துண்டைச் சோதனையில் சேர்க்காதீர்கள்.

மையத்தில் ஒரு காலி மனை கிடைத்திருக்கிறது. மாலையில் உணவுச் சந்தை நடத்த விரும்புகிறேன். எத்தனை ஸ்டால், எவ்வளவு மின்சாரம், என்னென்ன கவனிக்க வேண்டும்?
– உணவுத் தொழில் செய்பவர்

ஸ்டால் எண்ணிக்கையில்தான் பெரும்பாலான சந்தைகள் கவிழ்கின்றன. கேட்டவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்து பதினைந்து ஸ்டால் போட்டால், வருமானம் பதினைந்தாகப் பிரிந்து, மூன்றாம் வாரம் நல்ல சமையல்காரர்கள்தான் முதலில் கிளம்புவார்கள். கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். உச்ச நேரமான இரண்டு மணி நேரத்தில் 1,000 பேர் வருவார்கள், பாதிப்பேர் சாப்பிடுவார்கள் என்றால் 500 தட்டு. முன்தயாரிப்பு சரியாக இருக்கும் ஒரு ஸ்டால் மணிக்கு 50 தட்டு தரும். இரண்டு மணி நேரத்தில் 100. ஐந்து உணவு ஸ்டால் போதும், கூடவே பானத்துக்கும் இனிப்புக்கும் இரண்டு. பிரதான உணவு இரண்டு ஸ்டாலில் ஒன்றுபோல இருக்கக் கூடாது. ஒவ்வொரு ஸ்டாலும் ஆறு வகைக்கு மேல் விற்கக் கூடாது; வகை கூடக்கூட வரிசை நகராது. பக்கத்து உணவகங்களுக்கு முதல் அழைப்பு கொடுங்கள். அவர்களை விட்டுவிட்டு வெளியாட்களைக் கொண்டுவந்தால் ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்த கணக்காகிவிடும்.

இருக்கைக்கும் கணக்கு உண்டு. மணிக்கு 250 பேர் சாப்பிடுகிறார்கள், ஒவ்வொருவரும் 25 நிமிடம் உட்காருகிறார்கள் என்றால், ஒரே நேரத்தில் வேண்டியது சுமார் 105 இடம். அதில் மூன்றில் ஒரு பங்கை நின்று சாப்பிடும் உயரமேசையாக வைக்கலாம். ஸ்டாலுக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர், பின்னால் ஆள் நடக்க ஒன்றரை மீட்டர், முன்னால் வரிசைக்கு 3 மீட்டர். வரிசை நடைபாதைக்குக் குறுக்கே நீளாமல் ஸ்டாலின் ஓரமாகவே மடங்கும்படி கயிறு கட்டுங்கள்.

மின்சாரம்: 2 கிலோவாட் இண்டக்ஷன் அடுப்பு, குளிர்பெட்டி, மிக்சி, விளக்கு எல்லாம் சேர்த்து ஸ்டாலுக்கு 3.5 கிலோவாட் வையுங்கள். மின் எண்ணெய்ச்சட்டி இருந்தால் இன்னொரு 3 கிலோவாட். ஏழு ஸ்டாலுக்கு ஏறக்குறைய 25, பொது விளக்குக்கும் ஒலிக்கும் 5, ஆக 30 கிலோவாட். இதை ஜெனரேட்டரில் ஓட்டுவதானால் பவர் ஃபேக்டர் (ஜெனரேட்டர் திறனில் உண்மையில் பயன்படும் பங்கு) 0.8 என்று எடுத்து வகுத்தால் 37.5 கே.வி.ஏ. (ஜெனரேட்டர் திறனின் அலகு); முக்கால் சுமைக்கு மேல் ஏற்றாமலிருக்க 50 கே.வி.ஏ. வாங்க வேண்டும். முடிந்தவரை நிரந்தர மின் இணைப்பே எடுங்கள். ஜெனரேட்டர் சத்தமும் புகையும் சாப்பிட வந்தவரை விரட்டும். மூன்று பேஸிலும் சுமையைச் சமமாகப் பிரியுங்கள். முதல் நாள் இரவே மின்சாரம் போய்விடுகிற இடங்களில் பெரும்பாலும் எல்லா அடுப்பும் ஒரே பேஸில் இருக்கும். ஒவ்வொரு ஸ்டாலுக்கும் தனி எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு என்றால் தானே அணையும் சுவிட்ச்) கட்டாயம், ஒரு ஸ்டாலில் ஈரம் பட்டால் அது மட்டும் அணைய வேண்டும், சந்தை முழுவதும் அணையக் கூடாது. கேபிள் தடிமனில் சிக்கனம் வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிளில் 50 மீட்டர் தள்ளி 16 ஆம்பியர் இழுத்தால் 230 வோல்ட்டில் சுமார் 12 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 5 வோல்ட்டுக்குள். மீதிக் கேபிளைச் சுருட்டி வைத்து ஓட்டினால் சுருளுக்குள் சூடேறி உறை உருகும். விரித்தே போடுங்கள்.

காஸ் அடுப்பு என்றால் சிலிண்டர் நிமிர்ந்து, கட்டப்பட்டு, காற்றோட்டமான நிழலில் இருக்க வேண்டும். மாற்றுச் சிலிண்டரை ஸ்டாலுக்குள் வைக்கவே கூடாது. தினமும் திறக்குமுன் சோப்புத் தண்ணீர் தடவி இணைப்பைச் சோதியுங்கள். எண்ணெய்ச்சட்டித் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் வெடித்துச் சிதறும். அதற்குச் சமையல் எண்ணெய்த் தீக்கான ஈர இரசாயன அணைப்பானும் தீப்போர்வையும் வேண்டும். சாதாரணப் பவுடர் அணைப்பான் சுடரை அணைத்தாலும் எண்ணெய் சூடாகவே இருப்பதால் மறுபடி பற்றிக்கொள்ளும்.

உணவு வெப்பநிலை: சூடானது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர்ந்தது 5-க்குக் கீழ். இரண்டுக்கும் நடுவில் கிருமி பெருகும். அந்த இடைவெப்பத்தில் மொத்தம் நான்கு மணி நேரம் கிடந்த உணவைக் கொட்டிவிடுங்கள். திரும்பச் சூடாக்கிப் பயனில்லை, சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு சூட்டில் அழியாது. குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று ஒவ்வொரு ஸ்டாலிலும் இருக்கட்டும்.

கழிவுநீரைப் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியைவிடக் கழிவுநீர்த் தொட்டி கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். ஐஸும் மிச்சக் குழம்பும் அதில்தான் வந்து சேரும். பாத்திரம் கழுவும் நீர் கொழுப்புப் பொறி (கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் தொட்டி) வழியாகத்தான் சாக்கடைக்குப் போக வேண்டும், மழைநீர் வடிகாலுக்கு ஒருபோதும் போகக் கூடாது. கொழுப்பு குளிர்ந்து குழாயில் கட்டியாகி, ஆறு மாதத்தில் அடைத்துக்கொண்டு, முழு வீதியும் நாறும். பிறகு எந்த விளம்பரமும் ஆளைக் கூட்டி வராது.

வாடகையைப் பொறுத்தவரை, குறைந்த அடிப்படைத் தொகையும் விற்பனையில் ஒரு சதவீதமும் என்று வையுங்கள். அப்போது கூட்டம் குறைந்தால் நடத்துகிறவருக்கும் வலிக்கும், வலித்தால்தான் சரிசெய்வார்.

எங்கள் வீடு மைய வீதியிலேயே மாடியில் இருக்கிறது. வாரம்தோறும் நிகழ்ச்சி என்று ஒலிபெருக்கி வைத்துத் தூங்க விடுவதில்லை. நகரம் வளரட்டும், ஆனால் நாங்கள் என்ன கேட்கலாம்?
– குடியிருப்பவர்

உங்களைப் போன்றவர்கள் வெளியேறினால் இரவில் அந்த வீதிக்குக் காவலே இல்லை. ஆகவே கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல்தான் குறையும். 10 மீட்டரில் 95 டெசிபல் என்றால் 80 மீட்டரிலும் 77. அதனால் தொலைவை நம்பிப் பயனில்லை. ஒரு பெரிய ஒலிபெருக்கிக்குப் பதிலாகச் சிறிய பெட்டிகளைக் கூட்டத்துக்கு நெருக்கமாக, கீழ்நோக்கித் திருப்பி, குறைந்த ஒலியில் வைக்கச் சொல்லுங்கள். பேஸ் எனப்படும் அடித்தொனி ஒலிக்குத் தனி வரம்பு கேளுங்கள். அது சுவரைத் துளைத்து வரும், வழக்கமான மீட்டர் அளவில் பாதி தெரியாது. அளப்பது மேடைக்கு எதிரில் அல்ல, உங்கள் ஜன்னலுக்கு வெளியே.

எழுத்தில் வாங்க வேண்டியவை இன்னும் உண்டு. ஆண்டில் மொத்தம் எத்தனை நாள், அடுத்தடுத்து இரண்டு இரவு கூடாது, நிகழ்ச்சி முடியும் நேரம் மட்டுமின்றி மேடை பிரித்து முடிக்கும் நேரம், நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண். இரும்புக் குழாய் லாரியில் விழும் சத்தம் பாட்டைவிட மோசம் என்பது உங்களுக்கே தெரியும்.

நிகழ்ச்சிக்கு எத்தனை பேரை விடலாம் என்று எப்படி முடிவு செய்வது?
– தன்னார்வலர் குழு

வீதியின் மொத்தப் பரப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். 100 மீட்டருக்கு 12 மீட்டர் என்றால் 1,200 சதுர மீட்டர். ஸ்டால், வரிசை, மேடை, அவசரப் பாதை போகப் பாதிதான் மிஞ்சும். 600 சதுர மீட்டரில், சதுர மீட்டருக்கு 2 பேர் வீதம், ஒரே நேரத்தில் 1,200 பேர். நகரும் கூட்டத்தில் சதுர மீட்டருக்கு 4 பேரைத் தொட்டாலே ஆளுக்கு ஆள் உரசி நடை தடுமாறும். 5, 6 என்று ஏறினால் யாராலும் தன் விருப்பப்படி அசைய முடியாது.

சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்பது பிரிட்டன் விளையாட்டரங்குகளில் பின்பற்றப்படும் அளவு. 4 மீட்டர் அகலமுள்ள இரு முனை வழிகளில் ஒன்று அடைபட்டாலும் மற்றதில் நிமிடத்துக்கு 328 பேர். 1,200 பேரும் நான்கு நிமிடத்துக்குள் வெளியே. எப்போதும் ஒரு வழி அடைபட்டதாக வைத்தே கணக்கிடுங்கள்.

சியோல் நகரின் இடேவோனில் 2022 அக்டோபர் 29 இரவு 150-க்கும் மேற்பட்டோர் உயிர் போனது ஏறக்குறைய 4 மீட்டர் அகலமே உள்ள சரிவான சந்தில், எதிரெதிர்த் திசையில் வந்த கூட்டத்தில். முறையான ஏற்பாட்டாளர் என்று அங்கே யாரும் இல்லை. ஆகவே உங்கள் வீதியோடு சேரும் சந்துகளையும் உங்கள் பொறுப்பாக எடுத்து ஒருவழியாக்குங்கள். நுழைவிலும் வெளியேற்றத்திலும் எண்ணும் கருவியோடு ஆள் நிற்கட்டும். 1,000-ஐத் தொடும்போதே நுழைவைக் குறையுங்கள். 1,200-இல் நிறுத்தப் போனால் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாது, தள்ளுவார்கள்.

கழிப்பறை: ஆறு மணி நேரத்துக்கு உட்பட்ட நிகழ்ச்சிக்கு 100 பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு 500 பேருக்கு ஒன்றும், 150 பேருக்கு ஒரு சிறுநீர்த் தொட்டியும். பாதிக்குப் பாதி என்றால் 1,200 பேருக்குப் பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 2, சிறுநீர்த் தொட்டி 4. சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை குறைந்தது ஒன்று தனியாக.

சுற்றுலாப் பேருந்துகள் வருகின்றன, படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். கடைகளுக்கு ஒன்றும் இல்லை. திட்டத்துக்கு ஆகும் செலவை யார் தொடர்ந்து தருவது என்பதும் தெரியவில்லை.
– சுற்றுலா வழிகாட்டி

பேருந்தைப் பார்க்க வேண்டிய இடத்தின் வாசலில் நிறுத்த விடாதீர்கள். 300, 400 மீட்டர் தள்ளி, கடைவீதி வழியாக நடந்து வரும்படி நிறுத்துங்கள்; முதியோருக்கு மட்டும் சிறு வண்டி. நடைவழி ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர், நின்று பார்த்து வர ஒன்றரை மணி. நடுவழியில் கழிப்பறை, குடிநீர், நிழல். வழிகாட்டிப் பலகைகளில் மீட்டரைவிட நிமிடம் பயன்படும். வரைபடம், பார்க்கிறவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாரோ அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வரையப்பட வேண்டும். வடக்கு மேலே இருந்தால் பாதிப்பேர் எதிர்த்திசையில் போவார்கள். மாலையிலும் மறுநாள் காலையிலும் பார்க்க ஒன்று இருந்தால்தான் இரவு தங்குவார்கள், தங்கினால்தான் இரண்டு வேளை சாப்பாடு.

கூட்டம் மிஞ்சினாலும் ஆபத்து. பார்சிலோனாவின் பொக்கேரியா சந்தையில் காய்கறி வாங்க வந்தவர்கள் நுழைய முடியாமல் போய், 2015-இல் பெரிய சுற்றுலாக் குழுக்களுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள். வெனிஸ் 2024-இல் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. மையத்து வீடுகளெல்லாம் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போனால் மளிகைக் கடையும் மருந்துக் கடையும் மூடும், பிறகு மிஞ்சுவது நினைவுப்பொருள் கடைதான். மெல்பர்ன் நகரம் 1992-இல் ‘போஸ்ட்கோட் 3000’ என்ற திட்டத்தில் காலி அலுவலக மாடிகளை வீடுகளாக மாற்ற ஊக்கம் கொடுத்தது. குடியிருப்போர் கூடியதோடு சேர்ந்து அதன் சந்துகளில் காபிக் கடைகளும் நிரம்பின.

செலவுக்கு வருவோம். கனடாவின் டொராண்டோ நகரில் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைவீதிப் பகுதியில் 1970-இல் தொடங்கிய முறை உலகின் பல நகரங்களுக்குப் பரவியிருக்கிறது. எல்லை வரையறுத்து, அதற்குள் இருக்கும் எல்லாரும் ஒரு கூடுதல் கட்டணம் கட்ட, நகராட்சி வரியோடு சேர்த்து வசூலித்து, அந்த எல்லைக்குள் மட்டும் செலவழிக்க வணிகர் குழுவிடமே திருப்பித் தருகிறது. விரும்பியவர் மட்டும் தரும் சந்தா என்றால் பத்துப் பேர் கட்ட நூறு பேர் பயனடைவார்கள்; இரண்டாம் ஆண்டு அந்தப் பத்துப் பேரும் நிறுத்துவார்கள். அமெரிக்காவில் 1977-இல் மூன்று சிறு நகரங்களில் சோதித்து, 1980-இல் விரிவாக்கிய ‘மெயின் ஸ்ட்ரீட்’ திட்டத்தில் ஒவ்வோர் ஊருக்கும் முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவரை வைத்தார்கள். உங்கள் நிதியிலும் முதல் செலவு அந்த ஒருவரின் சம்பளமாக இருக்கட்டும். அடுத்தது தினசரித் துப்புரவு, மூன்றாவது விளக்குப் பராமரிப்பு. அலங்கார வளைவுக்கு முதல் ஆண்டு ஒரு காசும் ஒதுக்க வேண்டாம். கட்டணத்தை ஐந்து ஆண்டுக்கு மட்டும் விதித்து, தொடர்வதா என்று கட்டுகிறவர்களிடமே வாக்கெடுங்கள்.